நிழலை எண்ணிச் சூரியனை வரைவது: வாசகர் கேள்வி பதில்

சூரியச் சுடர்வெடிப்பு (சூரியனில் திடீரென நிகழும் பெரும் ஆற்றல் வெடிப்பு) பற்றிய கட்டுரை வந்ததும் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. பலர் கேட்டிருப்பது அதில் இருந்த ஒரு படத்தைப் பற்றி: சூரிய விளிம்பருகே ஒரு வளைவு, அதன் இரு கால்களிலும் இரண்டு நீலப் பொட்டுகள், கீழே "கடின எக்ஸ் கதிர், 25–50 கிலோ எலக்ட்ரான் வோல்ட்" என்ற குறிப்பு (கடின என்றால் ஆற்றல் கூடிய; கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலின் அலகு). இந்த இதழின் பகுதி முழுவதும் அந்தப் படத்துக்கே.

கே: அந்தப் படத்தை எடுத்தது என்ன கேமரா? எக்ஸ் கதிருக்கு லென்ஸ் உண்டா? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

லென்ஸ் இல்லை. கண்ணாடியோ வேறு பொருளோ எக்ஸ் கதிரை வளைக்கும் அளவு மிக மிகச் சொற்பம். ஆடி வைத்துக் குவிக்கலாம். ஆனால் கதிர் ஆடியின் பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி விழுந்தால்தான் எதிரொளிக்கும். 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கி.எ.வோ.) ஆற்றலில், பளபளப்பான தங்கப் பூச்சில்கூட அந்தக் கோணம் அரைப் பாகையை எட்டாது. ஆற்றல் மூன்று மடங்கானால் கோணம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதனால் ஆடி நீளமாகவும், குவியத் தூரம் பல மீட்டராகவும் வேண்டும்.

சரி, ஊசித்துளைக் கேமரா வைத்தால்? கணக்குப் போட்டுப் பாருங்கள். சுடர்வெடிப்பின் கால்புள்ளிகளை, அதாவது வளைவின் இரு கால்களிலும் தெரியும் பொட்டுகளை, பிரித்துக் காண 5 ஆர்க் செகண்ட் நுணுக்கமாவது வேண்டும். ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட். பூமியிலிருந்து பார்க்கையில் சூரியன்மேல் அது சுமார் 725 கி.மீ. துளைக்கும் உணரிக்கும் நடுவே 1.5 மீட்டர் என்றால், துளையின் விட்டம் 36 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். அதன் பரப்பு ஒரு சதுர செ.மீ.யில் லட்சத்தில் ஒரு பங்கு. சதுர செ.மீ.க்கு நொடிக்கு 100 ஃபோட்டான் (ஒளித்துகள்) வந்து விழுந்தாலும், துளைக்குள் நுழைவது ஆயிரம் நொடிக்கு ஒன்று. சுடர்வெடிப்பின் உக்கிரமான கட்டமோ சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆக, இத்தனை ஆண்டுகளாக வந்த கடின எக்ஸ் கதிர்ப் படங்களில் பெரும்பாலானவை "எடுத்த" படங்களே அல்ல. நிழல்களை எண்ணி, அந்த எண்ணிக்கையிலிருந்து கணக்கிட்டு வரைந்தவை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் அடுத்த பதில்கள் எல்லாம் எளிதாகப் புரியும்.

கே: நிழலை எண்ணுவது என்றால்? கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள். (வாசகர், புதுவயல்)

வீட்டு முகப்பில் ஓர் அழி, நாலடி தள்ளி அதே இடைவெளியில் கம்பி வைத்த இன்னோர் அழி. தெருவில் ஒரு விளக்கு குறுக்கே போகிறது. இரண்டு அழிக்கும் பின்னால் நிற்பவருக்கு அந்த விளக்கு தெரியும், மறையும், மறுபடி தெரியும். எத்தனை முறை, எந்தக் கணத்தில் மின்னியது என்று குறித்துக்கொண்டால், விளக்கு எந்தத் திசையில் இருந்தது என்பதைப் பின்பக்கம் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். விளக்கைப் படம் பிடிக்கத் தேவையில்லை.

இந்த வழியை ஜப்பானின் மினோரு ஓடா 1965-ல் முன்வைத்தார். கம்பிக்குப் பதில் டங்ஸ்டன் தகட்டில் வெட்டிய நுண்பிளவுகள்; அதை கிரிட் என்பார்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அதன் பின்னால் ஃபோட்டானை எண்ணும் உணரி. மூன்றும் சேர்ந்தால் ஒரு காலிமேட்டர். பிளவும் கம்பியும் சம அகலம் என்றால் சராசரியாகக் கால்வாசிக் கதிர் உள்ளே போகும். 40 சதுர செ.மீ. உணரிக்கு 10 சதுர செ.மீ. கதிர் கிடைக்கிறது. மேலே சொன்ன ஊசித்துளையோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் மடங்கு.

இதன் உச்சம் நாசாவின் ரெஸ்ஸி செயற்கைக்கோள். 2002 பிப்ரவரி 5-ல் ஏவப்பட்டு 2018 ஏப்ரல் வரை வேலை செய்தது. அதில் ஒன்பது ஜோடி கிரிட்கள், ஜோடிக்குள் 1.55 மீட்டர் இடைவெளி. பிளவு திரும்ப வரும் தூரம் (இனி "இடைவீச்சு") மிக நுண்ணியதில் 34 மைக்ரான், மிகப் பரியதில் 2.75 மி.மீ. இடைவீச்சை இடைவெளியின் இரு மடங்கால் வகுத்தால் நுணுக்கம் வந்துவிடும்: 34 மைக்ரானுக்கு 2.26 ஆர்க் செகண்ட், 2.75 மி.மீ.க்கு ஏறத்தாழ 183. உள்ளே எந்த ஆடியும் இல்லை; உணரிக்குத் தன்மேல் ஃபோட்டான் எந்த இடத்தில் விழுந்தது என்றும் தெரியாது. செயற்கைக்கோளே 4 நொடிக்கு ஒரு சுற்று சுழலும். சுழலச் சுழலச் சூரியனிலிருந்து வரும் எண்ணிக்கை ஏறி இறங்கும். ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் வந்த நேரம், ஆற்றல் இரண்டையும் பதிந்து தரைக்கு அனுப்பினார்கள். ஆற்றல் பட்டையையும் நேர இடைவெளியையும் ஆய்வாளர் பிறகு சாவகாசமாகத் தேர்ந்துகொள்ளலாம். ரெஸ்ஸி தந்த பெரிய வசதி இதுதான் என்பது எங்கள் கருத்து.

தவறுகிற இடங்களும் இதில்தான் இருக்கின்றன. முதலாவது முறுக்கம். முன் கிரிட்டும் பின் கிரிட்டும் ஒன்றுக்கொன்று துளி திரும்பிவிட்டால், உணரியின் ஒரு பாதியில் வெளிச்சம் கூடும்போது மறுபாதியில் குறையும். கூட்டிப் பார்த்தால் ஏற்ற இறக்கமே இருக்காது. 9 செ.மீ. விட்டமுள்ள 34 மைக்ரான் கிரிட்டுக்கு ஒரு பாகையில் 45-ல் ஒரு பங்கு திருகினாலே மொத்தமும் அழிந்துவிடும். அதனால் அனுமதிக்கும் பிழை அதைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் கிரிட் ஜோடி பக்கவாட்டில் நகர்ந்தாலோ செயற்கைக்கோள் லேசாக ஆடினாலோ பாதகமில்லை. எந்தக் கணத்தில் எங்கே பார்த்தது என்று சூரிய விளிம்பை வைத்து ஓர் ஆர்க் செகண்டுக்கும் குறைந்த பிழையில் அளந்துகொண்டே இருந்தால், கணக்கில் சரிசெய்துவிடலாம்.

இரண்டாவது தடிமன். ஆற்றல் கூடின கதிரைக் கம்பி தடுக்க வேண்டுமானால் தகடு தடிமனாக வேண்டும். தடிமனானால் பிளவு ஆழமான சந்தாகி, சாய்வாக வரும் கதிருக்கு வழி அடைந்துவிடும். 20 மைக்ரான் பிளவு, 1 மி.மீ. ஆழம் என்றால் நடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று மேல் தள்ளிப் பார்த்தாலே இருட்டு. அதனால்தான் நுண்ணிய கிரிட்கள் மெலிதாகவும் பரியவை தடிமனாகவும் அமைகின்றன. மிக உயர்ந்த ஆற்றலில் பரிய கிரிட்களின் நுணுக்கம் மட்டுமே மிஞ்சுகிறது.

மூன்றாவது உணரியின் ஆயுள். ரெஸ்ஸியின் உணரிகளான ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகங்கள் சுமார் 75 கெல்வின் குளிரில் இருக்க வேண்டும். விண்வெளிப் புரோட்டான்கள் மோதி மோதிப் படிகம் சேதமாகும். ஆற்றல் அளவீடு மழுங்கும். 2007 நவம்பரில் முதல் முறையாகவும் பிறகு பலமுறையும், குளிர்விப்பானை நிறுத்திப் படிகங்களைச் சூடேற்றி அந்தச் சேதத்தைக் குறைத்தார்கள்.

கே: என் பேரன் ஆதித்யாவும் எக்ஸ் கதிரில் படம் எடுக்கிறது என்கிறான். அப்படியா? (ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்)

எக்ஸ் கதிரை அளக்கிறது, ஆச்சி. எக்ஸ் கதிரில் படம் எடுக்கவில்லை. 2023 செப்டம்பர் 2-ல் புறப்பட்டு 2024 ஜனவரி 6-ல் எல்1 புள்ளியைச் (பூமிக்கும் சூரியனுக்கும் இடையே ஈர்ப்புச் சமநிலை உள்ள இடம்) சுற்றிய பாதையில் சேர்ந்த இஸ்ரோவின் ஆதித்யாவில் இரண்டு எக்ஸ் கதிர்க் கருவிகள் உண்டு: சோலெக்ஸ், ஹீலியோஸ். ஹீலியோஸ் 150 கி.எ.வோ. வரையான கடின கதிரை அளக்கும். இரண்டுமே முழுச் சூரியனையும் ஒரே புள்ளியாக எண்ணி, நொடிக்கு எத்தனை ஃபோட்டான், என்ன ஆற்றலில் என்று எழுதி அனுப்புகின்றன. எந்த இடத்திலிருந்து வந்தது என்று அவற்றால் சொல்ல முடியாது.

இடத்தைக் காட்ட அதே செயற்கைக்கோளில் சூட் என்ற புற ஊதாத் தொலைநோக்கி இருக்கிறது. 2024 பிப்ரவரி 22-ல் வெடித்த எக்ஸ் 6.3 வகைச் சுடரை (எக்ஸ் மிக வலிய வகை, எம் அதற்கு அடுத்தது) அது படம் பிடித்தது. சூட் படத்தில் எந்த இடம் பளிச்சிட்டது, அதே நொடியில் ஹீலியோஸ் எண்ணிக்கை எப்படி எகிறியது என்று சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் பேரன் சொன்னதில் பாதி சரி என்று அவரிடம் சொல்லுங்கள்.

கே: அறிவியல் கண்காட்சிக்கு இந்தக் கிரிட் முறையைச் செலவில்லாமல் செய்து காட்ட முடியுமா? (இயற்பியல் ஆசிரியை, தேவகோட்டை)

தாராளமாக முடியும், டீச்சர். எக்ஸ் கதிருக்குப் பதில் சாதாரண வெளிச்சம். வேண்டியவை: ஓஹெச்பி ஷீட் இரண்டு, டிரேசிங் பேப்பர், 5 மி.மீ. வெள்ளை எல்இடி இரண்டு, பேட்டரி, இரண்டு அட்டைச் சட்டங்கள், ஒரு நீளப் பலகை.

கணினியில் 1 மி.மீ. கறுப்பு, 1 மி.மீ. வெற்றிடம் என நேர்கோடுகள் வரைந்து, ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரின்டரில் இரண்டு ஷீட்டிலும் அச்சடியுங்கள். இடைவீச்சு 2 மி.மீ. ஆகிறது. இதைவிட நுண்ணியதாகப் போடாதீர்கள். 30 செ.மீ. தூரத்தில் வெளிச்சம் கிட்டத்தட்ட 0.4 மி.மீ. அளவுக்கு விளிம்பில் வளைந்து பரவும், அரை மி.மீ. பிளவில் நிழலே கலங்கிவிடும். எக்ஸ் கதிரின் அலைநீளம் ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது என்பதால்தான் அங்கே மைக்ரான் கணக்கில் பிளவு வைக்க முடிகிறது.

முதல் ஷீட்டைச் சட்டத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். சரியாக 30 செ.மீ. பின்னால் இரண்டாவது ஷீட். அதன் முதுகோடு ஒட்டி டிரேசிங் பேப்பர். முதல் ஷீட்டுக்கு 3 மீட்டர் முன்னால் எல்இடி. நம் பக்கத்து வீடுகளில் இரண்டாங்கட்டு நடை இதற்குத் தோதாக இருக்கும்; முற்றத்து வெளிச்சம் உள்ளே வராத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

எல்இடி 3 மீட்டரில் இருப்பதால் முதல் ஷீட்டின் நிழல் இரண்டாவது ஷீட்டில் விழும்போது 1.1 மடங்கு பெருகி 2.2 மி.மீ. இடைவீச்சாகிறது. 2.2-ம் 2-ம் ஒன்றன்மேல் ஒன்று படிய, டிரேசிங் பேப்பரில் 22 மி.மீ.க்கு ஒன்றாகப் பட்டைப் பட்டையான ஒளியும் நிழலும் தெரியும். இதுதான் மொவாரே கோலம். இனி எல்இடியைப் பக்கவாட்டில் 11 மி.மீ. நகர்த்துங்கள். ஒளிப்பட்டை இருந்த இடத்தில் நிழல்பட்டை வந்து நிற்கும். 22 மி.மீ. நகர்த்தினால் பழைய நிலை. விளக்கு நகர்ந்ததை விளக்கைப் பார்க்காமலே அளக்கிறோம்.

அடுத்தது இன்னும் சுவையானது. இரண்டு எல்இடியை 11 மி.மீ. இடைவெளியில் பக்கம் பக்கமாக வைத்து ஒரே பிரகாசத்தில் எரியவிடுங்கள். பட்டைகள் சுத்தமாக மறைந்துவிடும். 22 மி.மீ. தள்ளி வையுங்கள், பட்டைகள் திரும்பிவிடும். ஒற்றை எல்இடிக்கு முன்னால் 22 மி.மீ. அகலச் சன்னல் வெட்டிய அட்டையும் வெண்ணெய்க் காகிதமும் வைத்துப் பரவலான விளக்காக்கினாலும் பட்டைகள் மறையும். மறைந்தது இரண்டு புள்ளியாலா, ஓர் அகலமான விளக்காலா? ஒரே ஜோடி கிரிட்டை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. கண்காட்சிக்கு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பல அளவில் பல ஜோடி எதற்கு என்பது அங்கேயே விளங்கிவிடும்.

சொதப்பும் இடங்கள்: ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்குப் பொருந்துமாறு சுருக்கும் வசதி இயங்கினால் இரண்டு ஷீட்டின் இடைவீச்சும் மாறிப்போகும். 100 சதவீதத்தில், ஒரே பிரின்டரில், ஒரே திசையில் ஷீட்டைக் கொடுத்து அச்சடிக்கச் சொல்லி, 50 கோட்டுக்கு 100 மி.மீ. வருகிறதா என்று ஸ்கேலால் அளந்துவிடுங்கள். ஒரு ஷீட் 5 பாகை சாய்ந்தால் பட்டைகள் 45 பாகை சாய்ந்து நிற்கும். அதுவே முறுக்கத்தின் விளைவுக்கு நல்ல செய்முறை. எல்இடிக்குப் பதில் செல்போன் டார்ச் வைத்தால், பல போன்களில் அது இரட்டை விளக்கு. ஒன்றைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள். படம் எடுக்கையில் போனை மிக நெருக்கினால் கேமராவின் புள்ளிவரிசையே இன்னொரு பொய்யான கோலத்தை உண்டாக்கும். ஒரு மீட்டராவது தள்ளி நின்று எடுங்கள்.

கே: ஸ்டிக்ஸ் கருவி சுழலாமலே படம் தருகிறதாமே. அதன் எண்களை எப்படிப் படிப்பது? (எம்.எஸ்சி. மாணவி, காரைக்குடி)

நீங்கள் மேலே உள்ள செய்முறையைப் படித்துவிட்டு இதற்கு வரலாம். சோலார் ஆர்பிட்டர் என்ற ஐரோப்பிய விண்கலத்தில் (ஏவியது 2020 பிப்ரவரி) உள்ள ஸ்டிக்ஸ், 4 முதல் 150 கி.எ.வோ. வரை பார்க்கிறது. டங்ஸ்டன் கிரிட்கள் 55 செ.மீ. இடைவெளியில். மொத்தம் 32 காலிமேட்டர்கள். 30 படத்துக்கு, ஒன்று வெடிப்பு எந்தப் பக்கம் என்று தோராயமாகக் காட்ட, இன்னொன்று பின்னணியைக் கவனிக்க. அந்த 30-ம் பத்து நுணுக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று திசைகள். ரெஸ்ஸியில் ஆகவே ஆகாது என்றிருந்த முறுக்கத்தை இங்கே வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். முன், பின் கிரிட்களின் இடைவீச்சிலும் திசையிலும் துளி வித்தியாசம் வைத்ததால், ஒவ்வொரு உணரியின் அகலத்துக்கும் சரியாக ஒரு மொவாரே அலை விழுகிறது. காட்மியம் டெல்லுரைடு உணரி நான்கு பெரிய பட்டையாகப் பிரிந்திருப்பதால் (ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக இரண்டு, நடுவில் சிறிய பிக்சல் ஒன்று) அலையின் நான்கு கால் பங்குகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன.

பட்டைகளை அ, ஆ, இ, ஈ என்போம். ஒரு சுடர்வெடிப்பில் 78 மைக்ரான் கிரிட்டின் பின்னால் வந்த எண்ணிக்கை 820, 1010, 1180, 990 என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இ-யிலிருந்து அ-வைக் கழித்தால் 360. ஈ-யிலிருந்து ஆ-வைக் கழித்தால் கழித்தல் 20. இந்த இரண்டு எண்களும் சேர்ந்த சிக்கலெண்தான், வானொலி வானியலில் விசிபிலிட்டி என்கிறார்களே, அது. பின்னணி எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் நான்கு பட்டைக்கும் பொதுவானால் கழித்தலிலேயே போய்விடுகிறது. இந்த அமைப்பின் பெரிய பலம் அது.

பிழை எவ்வளவு? 820-ஐயும் 1180-ஐயும் கூட்டினால் 2000. அதன் வர்க்கமூலம் 45. ஆக முதல் எண் 360, கூட்டல் கழித்தல் 45. இரண்டாவது எண் பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாதது. வீச்சு 360.

இனி அதன் பொருள். மூலம் ஒரே புள்ளியாக இருந்தால், பிளவும் கம்பியும் சமமான இலட்சிய கிரிட்டில் அதிகப் பட்டைக்கும் குறைந்த பட்டைக்கும் வித்தியாசம் சராசரியின் ஒன்றரை மடங்கு வந்திருக்கும். இங்கே சராசரி 1000. ஆக 1500 வரவேண்டிய இடத்தில் 360. நாலில் ஒரு பங்குதான். 78 மைக்ரான், 55 செ.மீ. என்றால் ஒரு முழு அலைக்கு வானில் 29 ஆர்க் செகண்ட். மூலம் மணிவடிவப் பரவல் என்று கொண்டால் பாதி உயர அகலம் சுமார் 18 ஆர்க் செகண்ட். சமமான இரண்டு புள்ளிகள் என்று கொண்டால் இடைவெளி சுமார் 12. இந்த ஒரு கிரிட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது. மற்ற இரண்டு திசைகளைப் பாருங்கள்: மூன்றிலும் ஒரே மாதிரி விழுந்திருந்தால் உருண்டையான பரவல், ஒரு திசையில் விழுந்து அதற்குக் குறுக்கே இருப்பதில் விழாமல் இருந்தால் இரட்டைப் புள்ளி அல்லது நீண்ட வளைவு. பிறகு இதைவிட நுண்ணிய கிரிட்டுக்குப் போங்கள். பரவல் என்றால் அங்கே வீச்சு இன்னும் சரியும். இரட்டைப் புள்ளி என்றால் திரும்ப எழும். படம் வரையும் மென்பொருளை ஓட்டுவதற்கு முன்னால் 30 வீச்சுகளையும் இப்படி ஒரு தாளில் வரிசைப்படுத்திப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். விடை பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

கே: ஒரே தரவிலிருந்து வரைந்த இரண்டு படங்கள் வேறு வேறாக இருக்கின்றன. எதை நம்புவது? (வாசகர், பொன்னமராவதி)

நியாயமான கேள்வி. ஒரு படத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். கையில் இருப்பதோ 30 சிக்கலெண்கள். அளக்காத இடத்தை ஏதோ ஓர் ஊகத்தால் நிரப்பித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் ஊகம்.

முதல் படி பின்னெறிதல்: ஒவ்வொரு கிரிட்டும் சொல்லும் அலையை வானத்தின்மேல் வரைந்து எல்லாவற்றையும் கூட்டுவது. மூலம் இருக்கும் இடத்தில் சிகரம் எழும். கூடவே சுற்றிலும் வளையம் வளையமாகப் பொய்ச் சிகரங்களும் எழும். கிளீன் முறை அந்தப் பொய்களைக் களைகிறது. உச்சப் புள்ளியைக் கண்டுபிடி, அங்கே ஒரு புள்ளி மூலம் இருப்பதாகக் கொள், அதன் 5 முதல் 10 சதவீத அளவை அதன் வளையங்களோடு சேர்த்துப் படத்திலிருந்து கழி, மீண்டும் உச்சத்தைத் தேடு. ஏறத்தாழ நூறு சுற்று இப்படி ஓடியபின், மிச்சத்தில் மிகப்பெரிய எண் கழித்தல் குறியோடு வந்தால் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் இரைச்சலைத்தான் களைகிறீர்கள். கடைசியில் கண்டுபிடித்த புள்ளிகளை ஒரு குறிப்பிட்ட அகலத்துக்குப் பரப்பிக் காட்டுவார்கள். அந்த அகலத்தைத் தேர்வது மனிதர். கிளீன் படத்தில் பொட்டு 15 ஆர்க் செகண்ட் அகலமாகத் தெரிந்தால், அது சூரியனின் அகலமா, தேர்ந்த அகலமா என்று முதலில் கேளுங்கள்.

பெரும எண்ட்ரோபி முறை மறுபக்கம் சறுக்கும். அது கூர்மையான, அழகான படம் தரும். ஆனால் எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒரே மூலத்தைச் சில்லறையாக உடைத்து மூன்று நான்கு பொட்டாக்கிவிடும். நேரடிப் பொருத்தல் முறையில் "இரண்டு வட்டம்" அல்லது "ஒரு வளைவு" என்று நாமே உருவத்தைக் கொடுத்து அளவை மட்டும் கேட்கிறோம். பிழை அளவோடு அகலம் வேண்டுமென்றால் இதுதான் சரி. ஆனால் நாம் கொடுக்காத உருவத்தை அது ஒருபோதும் கண்டுபிடிக்காது.

எங்கள் பழக்கம் இது: மூன்று முறையிலும் ஒரே இடத்தில் வரும் பொட்டை ஏற்கிறோம், ஒன்றில் மட்டும் வருவதை ஏற்பதில்லை. நுண்ணிய கிரிட்டின் வீச்சு இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டதென்றால் அதைச் சேர்க்காமலே படம் வரைய வேண்டும். சேர்த்தால் கூர்மை கூடாது, புள்ளிப் புள்ளியாக அழுக்குத்தான் கூடும்.

பிரகாசமான பொட்டின் அருகே உள்ள மங்கிய மூலத்தை இந்த முறைகளால் காண்பது கடினம். பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போய்விட்டால் எச்சரிக்கையாக இருங்கள். 1992 ஜனவரி 13-ல் ஜப்பானின் யோக்கோ செயற்கைக்கோள், 64 காலிமேட்டர்களைக் கொண்டு, வளைவின் உச்சிக்கும் மேலே ஒரு கடின எக்ஸ் கதிர் மூலத்தைக் கண்டது பெரிய செய்தியானதற்கு அதுவும் காரணம். அந்த வெடிப்பு சூரிய விளிம்பருகே நிகழ்ந்ததால் உச்சி வேறு, கால் வேறு என்று பக்கவாட்டில் தெளிவாகப் பிரிந்தது. எலக்ட்ரான்கள் முடுக்கப்படும் இடம் வளைவுக்கு மேலே என்ற எண்ணம் வலுப்பட்டது.

கே: 12 கி.எ.வோ. படமும் 24 கி.எ.வோ. படமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் என்ன பொருள்? (காரைக்குடி மாணவியின் இரண்டாவது கேள்வி)

சந்தேகப்பட வேண்டும் என்று பொருள். பெரிய வெடிப்பில் 12 கி.எ.வோ. ஃபோட்டான்கள் வெள்ளமாக வரும்போது, இரண்டு ஒரே கணத்தில் விழுந்தால் உணரி அவற்றை 24 கி.எ.வோ. கொண்ட ஒரே ஃபோட்டான் என்று எழுதிவிடும். அதனால் 12 கி.எ.வோ.வில் ஒளிரும் சூடான வாயு வளைவின் நகல் 24-ல் பேயாக வந்து நிற்கும். உண்மையான உயர் ஆற்றல் மூலம் வளைவின் கால்களில், குரோமோஸ்பியரில் (சூரியனின் கண்ணுக்குத் தெரியும் பரப்புக்குச் சற்று மேலுள்ள அடுக்கு) எலக்ட்ரான் மோதும் இடத்தில் இருக்க வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் வெள்ளம் வரும்போது உணரிமுன் உலோகத் தகட்டை நகர்த்தி வைத்துக் குறைந்த ஆற்றல் கதிரை மட்டும் வடிகட்டுகிறார்கள். தகடு உள்ளே வந்த நொடியில் எண்ணிக்கை திடீரெனச் சரியும். அந்த நொடியைத் தாண்டி ஒரே படமாகக் கூட்டக் கூடாது.

கே: ஆடி வைத்து எடுக்க முடியாது என்று எழுதிவிட்டீர்கள். நுஸ்டார் எடுக்கிறதே? (வாசகர், பள்ளத்தூர்)

கடினம் என்றுதான் சொன்னோம், முடியும். நாசா 2012-ல் ஏவிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியான நுஸ்டார், ஒன்றுக்குள் ஒன்றாக 133 மெல்லிய ஓடுகளை அடுக்கி, பல்லடுக்குப் பூச்சு பூசி, 10 மீட்டர் கம்பத்தை விண்ணில் விரித்து 79 கி.எ.வோ. வரை குவிக்கிறது. ஆனால் அது மங்கிய கருந்துளைகளுக்கென்று செய்த கருவி. ஒரு ஃபோட்டானைப் படிக்க 2.5 மில்லி நொடி ஆவதால் நொடிக்கு 400-க்கு மேல் பதிய முடியாது. பெரிய சுடர்வெடிப்பில் திணறிவிடும். அமைதியான சூரியனுக்கும் மிகச் சிறிய வெடிப்புகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். சூரியனுக்கென்றே வேகமான உணரிகளோடு செய்தது ஃபாக்ஸி ராக்கெட். அதன் நான்காவது பயணம் 2024 ஏப்ரல் 17-ல் அலாஸ்காவிலிருந்து, எம் 1.6 வகை வெடிப்பு ஒன்று நடந்துகொண்டிருக்கையில் பறந்தது. நேரடிப் படம் என்பதால் பிரகாசத்துக்கு அருகே உள்ள மங்கலும் தெரியும். கிரிட் முறையின் அடிப்படைக் குறை அதில் இல்லை. ஆனால் ஒரு ராக்கெட்டுக்குச் சூரியனைப் பார்க்கக் கிடைப்பது சில நிமிடம்தான். இதைச் செயற்கைக்கோளில் ஏற்ற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கே: கோடைக்கானலிலிருந்து இதைப் பார்க்க முடியாதா? (வாசகர், திருப்பத்தூர்)

எக்ஸ் கதிரில் முடியாது. காற்று முழுவதையும் விழுங்கிவிடும். 40 கி.மீ. உயரப் பலூனிலோ அதற்கு மேலேயோ போக வேண்டும். ஆனால் 1899-ல் அமைந்த அந்தச் சூரிய ஆய்வகத்தில் எடுக்கும் ஹைட்ரஜன் ஆல்ஃபா (ஹைட்ரஜன் வெளியிடும் சிவப்பு ஒளி) படங்களில் சுடர்வெடிப்பின் பளிச்சிடும் நாடாக்கள் தெரியும். எக்ஸ் கதிர்க் கால்புள்ளிகள் உட்காருவது அந்த நாடாக்களின் மேல்தான்.

கே: ஸ்டிக்ஸ் பொட்டுகளைப் பூமியருகே எடுத்த புற ஊதாப் படத்தின்மேல் ஒட்டினால் பொருந்த மாட்டேன் என்கிறது. ஏன்? (பொறியியல் பட்டதாரி, கொத்தமங்கலம்)

மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, நேரம். சோலார் ஆர்பிட்டர் சூரியனுக்கு 0.3 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்) அருகே இருக்கும்போது ஒளி அதற்கு நம்மைவிடச் சுமார் 350 நொடி முன்னதாகப் போய்ச் சேரும். அந்த வித்தியாசத்தைக் கூட்டாமல் ஒட்டினால் வெடிப்பின் வேறொரு கட்டத்தோடு ஒப்பிடுகிறீர்கள். இரண்டு, பார்வைக் கோணம். அது சூரியனை வேறு பக்கமிருந்து பார்க்கிறது. கால்புள்ளிகளைச் சூரியப் பரப்பில் இருப்பதாகக் கொண்டு சுழற்றி மாற்றலாம், உயரத்தில் இருக்கும் வளைவு உச்சியை அப்படி மாற்றினால் தவறான இடத்தில் போய் விழும். மூன்று, அளவு. அங்கே 0.28 அலகில் ஓர் ஆர்க் செகண்ட் என்பது 203 கி.மீ.; இங்கே 725. ஆர்க் செகண்டை அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது.

தரவு இலவசம். ஸ்டிக்ஸ் தரவு மையத்தின் இணையதளத்தில் வெடிப்பு வாரியாகக் கிடைக்கும். பைத்தானில் சன்பை, எக்ஸ்ரேவிஷன் தொகுப்புகளை நிறுவினால் விசிபிலிட்டியிலிருந்து படம் வரை போகலாம். ஹீலியோஸ் எண்ணிக்கைகளுக்கு இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். தொடங்கும்போது 25 கி.எ.வோ.க்கு மேல் நல்ல எண்ணிக்கை உள்ள எம் வகை வெடிப்பாக ஒன்றைத் தேர்ந்து, தகடு நகராத ஒரு நிமிடத்தை மட்டும் எடுங்கள்.